வெப்சைட்டில் இருந்தது எங்கள் வீட்டு நம்பர்

2006-ஆம் வருடம், வைகாசி மாதத்தில் ஒரு சாயங்காலம். சிவகாசியில் எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்த நேரம் பார்த்து ஹாலில் போன் அடித்தது. எரிச்சலோடுதான் போனேன். அந்தப் போனில் எங்களுக்கு வருவது பாதி, என் கொழுந்தனாருக்கு வருவது மீதி.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். என் மாமனார் காலத்தில் பட்டாசு ஆலையும் லேபிள் அடிக்கும் அச்சகமும் ஒன்றாக இருந்தன. அவர் காலமான பிறகு பாகம் பிரித்தார்கள். அச்சகமும் வீடும் என் கணவருக்கு, ஆலை அவர் தம்பிக்கு. நிலம், மிஷின், வேன் எல்லாம் சுமுகமாகப் பிரிந்துவிட்டது. சண்டை வந்தது எதற்குத் தெரியுமா? இந்தப் போன் நம்பருக்கு! மாமனார் தொழில் தொடங்கியபோது வாங்கிய ராசியான நம்பராம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அதுதான் வேண்டும். கடைசியில் வீட்டோடு சேர்ந்தது என்று எங்களுக்கு வந்தது. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. இரண்டு தெரு தள்ளித்தான் கொழுந்தனார் வீடு. கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால்கூட இரண்டு பேரும் இலையைவிட்டு நிமிர மாட்டார்கள்.

ஆலையோடு சேர்ந்து அதன் வெப்சைட்டும் தம்பி பங்குக்குப் போயிருந்தது. பிரிவதற்கு முன்னால், பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒருவர் செய்து கொடுத்தது. திறந்ததும் நாதஸ்வரம் வாசிக்கும். ஓரத்தில் ராக்கெட் பறக்கும். இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கீழே ஒரு கணக்கு ஓடும். இவ்வளவு ஜோடனை செய்தவர் முகவரி என்ற இடத்தில் ‘சிவகாசி’ என்று மட்டும் போட்டிருந்தார். தொடர்புக்கு எங்கள் வீட்டு நம்பர். பிறகு அவர் கடையை மூடிவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டார். பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. கொழுந்தனாரோ, வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர் மாதிரி இருந்துவிட்டார்.

என் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. வெப்சைட்டைப் பார்த்துவிட்டு யார் ஆர்டர் கேட்டாலும், அந்தக் கம்பெனியை மூடியாச்சு என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடுவேன்.

அன்றைக்கும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பக்கம் ஒருவர் பதறினார். “போனை வெச்சுடாதீங்கம்மா. இங்க ஒருத்தருக்குக் கை கருகிப் போச்சுங்க.”

ஈரோடு பக்கத்து ஊர்க்காரர். கோயில் திருவிழாவுக்காக எங்கள் கொழுந்தனார் கம்பெனியின் வாணத்தை ஒரு வியாபாரியிடம் வாங்கியிருக்கிறார்கள். இரும்புக் குழாயில் வைத்துக் கொளுத்தினால் மேலே போய்ப் பூப்பூவாக விரியுமே, அந்த ரகம். சோதித்துப் பார்க்க ஒன்றைக் கொளுத்தியபோது மேலே போகாமல் குழாய்க்குள்ளேயே வெடித்துவிட்டது. வியாபாரி போனை எடுக்கவில்லை. பெட்டியில் இருந்த கம்பெனிப் பெயரை வைத்து இன்டர்நெட்டில் தேடி எங்கள் வீட்டைப் பிடித்திருக்கிறார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. “இதே சரக்கு வேற யாருக்காச்சும் போயிருந்தா, உடனே நிறுத்தச் சொல்லுங்க” என்றார்.

இது எங்கள் கம்பெனி இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கொழுந்தனாரின் செல் நம்பர் என்னிடம் இல்லை. எங்கள் வீட்டில் அதை வைத்திருக்கவும் கூடாது. போனில் பேசியவரின் நம்பரைக் கேட்டு, கையில் கிடைத்த பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அடுப்பை அணைத்தேனா என்பதுகூட நினைவில்லை. பாதித் தூரம் போய்க் கால் சுட்ட பிறகுதான் செருப்புப் போடாமல் வந்தது தெரிந்தது.

கொழுந்தனாரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, கிரில் கதவுக்கு உள்ளே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். சாவி அவள் கையிலேயே இருந்தது. ஆனால் திறக்கவில்லை.

“என்னக்கா, வழி தெரியாம வந்துட்டீகளா?”

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன்.

“கம்பெனிய மூடியாச்சுன்னு போன் பண்றவுக கிட்டயெல்லாம் சொன்னீக. அம்புட்டும் எங்க காதுக்கு வந்துச்சு. இப்ப சரக்கே சரியில்லன்னு கெளப்பி விடுறீகளாக்கும்?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது பொய்யில்லையே! எப்படியோ போங்கள் என்று திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்போது அந்த மனிதர் சொன்ன ‘வேற யாருக்காச்சும்’ என்ற வார்த்தை காதில் ஒலித்தது. கிரில் கம்பிக்குள் கையை விட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

“என்னைய நீ நம்ப வேணாம். இந்த நம்பருக்கு நீயே பேசு. பேசிட்டு என்னைய என்ன வேணாலும் வையி.”

வியர்வையில் எழுத்து கலங்கியிருந்தது. அவள் அதைச் சிரமப்பட்டுப் படித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியே நின்றேன். முதலில் அவள் அதட்டுவது கேட்டது. பிறகு குரல் தணிந்தது. திரும்பி வந்தவள் பூட்டைத் திறந்து என்னைப் போனுக்குப் பக்கத்தில் கூட்டிப் போனாள்.

பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது. கேட்டுக்குப் பக்கத்து ஆபீஸ் அறையில் ஒரு போன் இருக்கும். அதற்கு அடித்தோம். வாட்ச்மேன் எடுத்து, உள்ளே நடந்து போய், கொழுந்தனாரைக் கூட்டி வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றோம். விஷயத்தைக் கேட்டதுமே அவருக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. அந்த வாணத்துக்குப் புதிதாக ஒருவரிடம் திரி வாங்கிப் போட்டிருக்கிறார். வாணம் மேலே போவதற்குள்ளேயே அது எரிந்து முடிந்துவிடுகிறது. அந்தத் திரி போட்ட சரக்கு இரண்டே இடத்துக்குத்தான் போயிருக்கிறது. ஒன்று இந்த வியாபாரிக்கு. இன்னொன்று காரியாபட்டி பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு.

“அங்க இன்னிக்குத்தான் கோயில் பொங்கல். இருட்டுனதும் வாணம் விடுவாக” என்றார்.

ஊர்ப் பெரியவர் ஒருவரின் நம்பர் அவரிடம் இருந்தது. ஆபீஸில் வைத்திருந்த செல்லில் அடித்துப் பார்த்தார். எடுப்பாரில்லை. மைக் செட் அலறும் இடத்தில் யாருக்குப் போன் சத்தம் கேட்கும்? ஆலையிலிருந்தே காரை எடுத்துக்கொண்டு கிளம்புவதாகச் சொன்னார். ஆனால் விருதுநகரைத் தாண்டி அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும் என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

விருதுநகர் என்றதும் எனக்குச் சட்டென்று உறைத்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு அங்கேதான் இருந்தார், மிளகாய் வத்தல் மண்டிகளில் லேபிள் ஆர்டர் கேட்பதற்காக. அவர் உடனே கிளம்பினால் தம்பிக்கு முன்னால் போய்விடலாம்.

ஓரகத்தி வீட்டுப் போனிலிருந்தே அவர் செல்லுக்கு அடித்தேன். அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். இரண்டே ரிங்கில் துண்டித்துவிட்டார். தம்பி வீட்டு நம்பர் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது! எத்தனை தடவை அடித்தாலும் அதே கதைதான். “பெரியவுக எடுக்க மாட்டாக அக்கா” என்று அவள் விசும்பினாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். உள்ளே ஒருவர் சாவகாசமாகச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து, அவரை வெளியே வரச் சொல்லிக் கத்தினேன். பாவம், மிரண்டுபோய் வந்துவிட்டார்.

பூத் நம்பர் என்பதால் என் வீட்டுக்காரர் எடுத்துவிட்டார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் மூட்டை இறக்குகிற சத்தமும், வத்தல் நெடியில் யாரோ இருமுவதும் கேட்டன. அவன் பாடு, அவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

“ஊரு பேரச் சொல்லு மொதல்ல” என்றார். சொன்னேன். வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஓரகத்தி வீட்டில் நாங்கள் உட்கார்ந்திருந்த நேரம் இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக் கூடாது. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. எங்கள் ஊரில் எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்பது சாதாரணம். அன்றைக்கு ஒவ்வொரு சத்தத்துக்கும் நாங்கள் தூக்கிவாரிப் போட்டு எழுந்தோம். அவள் விளக்கேற்றினாள். தண்ணீர் கொண்டு வந்து தந்தாள். நன்றாக இருட்டியும் போன் வரவில்லை. சாமி, குழந்தை குட்டிகள் இருக்குமே என்று திரும்பத் திரும்ப அதையே வேண்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் போன் அடித்தது. என் வீட்டுக்காரர்தான். “நிறுத்தியாச்சு” என்றார். அவ்வளவுதான். ஓரகத்தி என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன்.

அங்கே நடந்ததைக் கொழுந்தனார்தான் பிறகு சொன்னார். என் வீட்டுக்காரர் டாக்சியிலிருந்து இறங்கியபோது கோயில் பொட்டலில் குழாய்களை நட்டு வைத்து, சாமி வருவதற்காகக் காத்திருந்தார்களாம். கயிறு கட்டியிருந்தும் பிள்ளைகள் அதைத் தாண்டி முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் நிறுத்தச் சொன்னதும், நீ யார், போட்டிக் கம்பெனிக்காரனா என்று இளவட்டங்கள் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அதற்கு இவர், “இது எங்க கம்பெனிச் சரக்குத்தான். எங்க தப்புத்தான். என்னைய அடிங்க, ஆனா கொளுத்தாதீக” என்று குழாய்களுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். கொழுந்தனார் போய்ச் சேர்ந்தபோது சட்டைப் பை கிழிந்து தொங்க, அண்ணன் அங்கேயே நின்றுகொண்டிருந்தாராம். “எங்க கம்பெனின்னு சொல்லியிருக்காக மதினி” என்று அதையே என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தச் சரக்கு முழுவதையும் தண்ணீரில் நனைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் ஆலையில் மீதமிருந்ததில் சிலவற்றை, பொட்டல் காட்டில் நீளத் திரி கட்டித் தூரத்திலிருந்து கொளுத்திப் பார்த்தார்கள். நானும் போயிருந்தேன். முதல் குழாயே பிளந்தது. ஒரு துண்டு, முந்தின நாள் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த தூரத்தையும் தாண்டிப் போய் விழுந்தது.

ஈரோட்டுப் பக்கத்து ஊருக்குக் கொழுந்தனார் நேரில் போய், கை கருகியவரின் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டார். அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடித்து அழவெல்லாம் இல்லை. பேசிக்கொள்கிறார்கள், சண்டையும் போட்டுக்கொள்கிறார்கள், அது போதும். பழைய வெப்சைட்டைத் திறக்க வழியே கிடைக்காமல் புதிதாக ஒன்று போட்டார்கள். அதில் ஆலை முகவரி, ஆபீஸ் நம்பர், செல் நம்பர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நானே ஒவ்வொன்றுக்கும் அடித்துப் பார்த்தேன். இன்றைக்கும் தெரிந்தவர்கள் யாராவது வெப்சைட் ஆரம்பித்திருப்பதாகச் சொன்னால், படம் எப்படி, கலர் எப்படி என்றெல்லாம் நான் கேட்பதில்லை. அதில் இருக்கிற நம்பருக்கு நீங்களே ஒரு தடவை அடித்துப் பாருங்கள், யார் எடுக்கிறார்கள் என்று தெரியும் என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்தக் கிராமத்தை நான் பார்த்ததே இல்லை. அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தைகள்கூட இருக்கலாம். ஒரு வருடம் எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு வாணமே விடவில்லை, எவனோ வந்து கெடுத்துவிட்டான் என்று அவர்கள் இன்னமும் குறைபட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம், எனக்கு மனசு நிறைந்துபோகிறது.