தடப்பாறைக்குப் போகும் வழி

என் மச்சான் அத்வாவுக்குக் கால் நீளம், வாய் குட்டை. சீனாய் மலைக்குள் எந்தக் கணவாய் எங்கே இறங்கும், எந்தச் சுனையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப்போவான். எதிரே நிற்கிற மனுஷியிடம் மனதில் இருப்பதைச் சொல் என்றால் மட்டும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மண்ணைப் பார்ப்பான்.

என் மனைவியின் அண்ணன் அவன். மலை பார்க்க வரும் ஆட்களை அவன் முன்னே நடத்திப்போவான், மாவும் கெண்டியும் கம்பளியும் ஏற்றிய ஒட்டகத்தோடு நான் பின்னே போவேன். வயிறு வளர்த்தது அந்த வேலையில்தான். இளவயதில் இரண்டு வருஷம் கடற்கரையில் ஓட்டல் கட்டும் வேலைக்குப் போய்ப்பார்த்தான். அங்கே எல்லாம் தட்டையாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்று திரும்பிவந்துவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். காரணம் ஊருக்கே தெரியும் என்பதால் மற்றவர்கள் கேட்கவே இல்லை.

காரணம் தடப்பாறையில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு ஒருத்தியைப் பிடித்தால், அவள் ஆடு ஓட்டிப்போகும் வழியில் ஒரு பாறையைப் பார்த்து, அதில் தன் பாதத்தை வைத்துக் கல்லால் சுற்றிக் கீறிவைப்பான். அவளுக்கும் சம்மதம் என்றால், யாரும் பார்க்காத நேரத்தில் வந்து, பக்கத்திலேயே தன் பாதத்தை வைத்துக் கீறிவிட்டுப் போவாள். பிறகுதான் பெரியவர்கள் பேச்சு. அவள் கீறுவதை யாராவது பார்த்துவிட்டால் அது பதில் இல்லை, மானக்கேடு. தடப்பாறையில் இப்படி ஜோடி ஜோடியாகப் பாதங்கள் உண்டு, செத்துப்போனவர்களுடையதும் சேர்த்து. ஒற்றையாக நின்றது அத்வாவுடையது மட்டும்தான்.

அவன் கேட்டது ஹம்தாவை. அவள் வந்து பார்த்தாளோ இல்லையோ, அந்த மாதமே அவள் அப்பா அவளைக் கடலோரம் அல்தூரில் இருந்த ஒரு லாரிக்காரனுக்குக் கட்டிவைத்துவிட்டார். கதை அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலை நரைத்த பிறகு ஹம்தா திரும்பிவந்தாள். புருஷன் போய்ச்சேர்ந்துவிட்டான், மகன் இயாத் அல்தூரிலேயே கடை வைத்துவிட்டான். இவள் மலைமேல் இருந்த அப்பாவின் பழைய தோட்டத்தில் நாலு பாதாம் மரத்தையும் சில ஆடுகளையும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். அத்வா அவளைக் கிணற்றடியில் பார்த்தான். நானும் இருந்தேன்.

"ஆடெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு."

"கறுப்பு ஆடு நொண்டுதே?"

"அது பிறவியே அப்படித்தான்."

அவ்வளவுதான். அத்தனை வருஷம் கழித்து அவனுக்கு ஆட்டின் கால்தான் கண்ணில் பட்டது. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த வாரம் நான் தடப்பாறைப் பக்கம் போனபோது, மங்கிக்கிடந்த அவன் பாதக்கோடு புதிதாக வெள்ளை வெளேரென்று இருந்தது. மேலே மறுபடி கீறியிருக்கிறான்.

"மச்சான், இந்த வயசுல கல்லுல கிறுக்கிட்டு இருக்கியா? அழுத பிள்ளைக்குத்தான் பால். போய் வாயத் திறந்து கேளு."

"கேட்டு, இல்லன்னுட்டா?"

"கல்லு மட்டும் இல்லன்னு சொல்லாதாக்கும்?"

"அவ இன்னும் பதில் சொல்லலன்னுதான் கல்லு சொல்லும்," என்றான்.

குளிர்காலம் பிறந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இப்போதெல்லாம் வெளிநாட்டார் குறைவு. கெய்ரோவிலிருந்து பையன்களும் பெண்களும் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருவார்கள். அபு ஜீஃபா கணவாய் ஏறி, தோட்டங்கள் தாண்டி, நீலக் குளம் பார்த்து இறங்குவது வழக்கமான பாதை. தடப்பாறை அந்தப் பாதையில் இல்லை. பக்கவாட்டில் ஒரு சரளைச் சரிவில் இறங்கி மறுபடி ஏறவேண்டும். அத்வா ஒவ்வொரு கூட்டத்தையும் அந்த வழியாகவே கூட்டிப்போக ஆரம்பித்தான். அவள் பதில் கீறிவிட்டாளா என்று பார்க்கவேண்டும் அவனுக்கு. தனியாகப் போய்ப் பார்க்க வெட்கம், வேலையாகப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நினைப்பு.

"அங்கிள், முட்டி போச்சு. குளம் எங்க?" என்று ஒரு பையன் முனகுவான்.

"இந்தப் பக்கம்தான் அழகு," என்பான் அத்வா.

அவர்களுக்கும் பாறை பிடித்துப்போயிற்று. படம் எடுப்பார்கள், கதை கேட்பார்கள். இந்த ஒற்றைப் பாதம் யாருடையது என்று ஒரு பெண் கேட்டாள். பழைய காலத்து ஆள் யாரோ என்று சொல்லிவிட்டு, அவன் அந்தப் பாதத்துக்குப் பக்கத்து வெறும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் எடுத்த படத்தை இணையத்தில் போட, அடுத்து வந்தவர்கள் அந்தப் பாறையைத்தான் முதலில் கேட்டார்கள். அவன் ஓய்வெடுக்கிற நாளிலும் மற்ற வழிகாட்டிகள் ஆட்களை அங்கே இறக்கினார்கள். நான் என் ஒட்டகத்தின் பாதத்தைப் பார்த்து வயிறெரிந்துகொண்டு, கீழே சுள்ளி பொறுக்கித் தேநீர் போடுவேன்.

சில நாள் மேலே சரிவில் ஹம்தாவின் ஆடுகள் தெரியும். கறுப்புத் துணியில் அவளும் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் வந்ததைப் பார்த்ததும் எழுந்து, ஆடுகளை ஓட்டிக்கொண்டு முகட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். அத்வா அன்றெல்லாம் சந்தோஷமாக இருப்பான். இந்தப் பக்கமே மேய்க்கிறாள் பார், என்பான். எனக்கு அவள் ஓடுகிறாள் என்று பட்டது. விருப்பமில்லாதவளைத் துரத்துகிறானே என்று அவன்மேல் கோபமும் பரிதாபமும் வந்தது. இலவு காத்த கிளி என்று வீட்டில் சொன்னேன். எங்கண்ணனைப் பேசாதே என்று என் மனைவி ரொட்டித் தட்டை நகர்த்திவிட்டாள்.

மாசி கழிந்து பாதாம் பூத்த சமயம் இயாத் வந்தான். அம்மாவுக்கு மூட்டுவலி, தனியாக விடமுடியாது, எனக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றான். முன்பே ஒருமுறை கூப்பிட்டபோது ஹம்தா கொஞ்ச நாள் தவணை கேட்டிருந்தாளாம். இந்தத் தடவை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. ஆடுகளை விற்றாயிற்று. அவள் மூட்டையைச் சாலைவரை இறக்க என் ஒட்டகத்தைக் கூப்பிட்டார்கள். அத்வா அன்று காலையே ஒரு கூட்டத்தோடு மேலே போய்விட்டான். இயாத் வண்டியோடு கீழே காத்திருந்தான்.

ஹம்தா ஒட்டகத்தில் ஏறவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். அவள் கால் எடுத்துவைப்பதைப் பார்த்தால் எனக்கே வலித்தது. பாதி வழியில் நின்றாள்.

"முஸல்லம் அண்ணே, உங்க மச்சான் நல்லா இருக்காரா?"

"அவனுக்கென்ன. கல்லு மாதிரி இருக்கான்."

"ஏன் அண்ணே அவரு தினம் தினம் அத்தன பேரக் கூட்டிட்டு அங்க வர்றாரு?"

எனக்குப் புரியவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"பாறைக்குத்தான்," என்றாள். "மழை நின்னதுலேர்ந்து நானும் வந்து வந்து பாக்குறேன். காலைல போனா ஆளு. மத்தியானம் போனா ஆளு. படம் புடிக்கிறாங்க, உக்காந்து தின்னுறாங்க. அவங்க போற வரைக்கும் மேல காத்துக்கிட்டு இருப்பேன். இவங்க போனா அடுத்த கூட்டம் வருது. இருட்டினா இந்த மூட்டோட சரிவுல எறங்க முடியாது. அத்தன கண்ணுக்கு முன்னால நான் எப்படி அண்ணே கால வைக்கிறது?"

என் கையிலிருந்த கயிறு தானாக நழுவியது. தன் விரலே தன் கண்ணைக் குத்தியது போல என்பார்களே, அது இதுதான்.

"ஒரு வார்த்த அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே, இயாத் அம்மா."

"அவரும்தான் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கல்லுல கேட்டாரு. கல்லுலதான சொல்லணும்?"

"இப்ப போவோம். ஒட்டகத்துல ஏறுங்க, நான் கொண்டுபோறேன். உங்க மகன் நிக்கட்டும் கொஞ்ச நேரம்."

அவள் திரும்பி மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த வளைவிலிருந்து தடப்பாறைச் சரிவு தெரியும். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகச் சட்டைகள் பாறையைச் சுற்றி நின்றன. நடுவில் வெள்ளைத் தலைப்பாகையோடு உயரமாக ஒருவன்.

"இன்னிக்கும் கூட்டிட்டு வந்துட்டாரு," என்றாள். அவள் அழவில்லை, லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. கீழே இயாத் ஹாரன் அடித்தான். அவள் கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

அன்று மாலையே அத்வாவிடம் சொன்னேன். மறைத்திருக்கலாம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். எனக்கு மறைக்கத் தெரியாது. அவன் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அவளா சொன்னா?"

"அவதான் சொன்னா."

"கால வைக்க வந்தாளாமா?"

"வந்தாளாம்."

இரண்டு நாள் கழித்து, என் பிடுங்கல் தாங்காமல் பேருந்து ஏறி அல்தூருக்குப் போனான். வாழ்க்கையில் ஒருமுறை வாயைத் திறக்கிறான் என்று நினைத்தேன். இயாத் நல்ல பையன், மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தானாம். தோட்டத்து விற்பனை விஷயமாக வந்தீர்களா, அதை விலை பேசி முடித்துவிட்டோமே என்றானாம். இவனும் ஆமாம் அதைக் கேட்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவந்துவிட்டான். உள்ளே அவள் பேரக்குழந்தையை அதட்டும் குரல் கேட்டதாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. இனி அவன் அங்கே போகமாட்டான், அவளும் மலை ஏறமாட்டாள். அவள் இருப்பது மூன்றாவது மாடி, கீழே இறங்கவே ஒருவர் கை பிடிக்கவேண்டும்.

இப்போது அத்வா யாரையும் தடப்பாறைக்குக் கூட்டிப்போவதில்லை. படத்தைக் காட்டிக் கேட்கிறவர்களிடம் வழி சரிந்துவிட்டது என்கிறான். மற்ற வழிகாட்டிகளிடமும் வீடு வீடாகப் போய், அங்கே ஆட்களை இறக்காதீர்கள் என்று கெஞ்சிவைத்திருக்கிறான். அவனைத் தெரிந்தவர்கள் என்பதால் அவர்களும் கேட்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை வீடு திரும்பும்போது, கால் கடுக்கிறது, தடப்பாறை ஓரமாக ஊருக்கு இறங்கும் குறுக்கு வழியில் போய்விடலாமே என்று நானே சொன்னேன்.

"வேண்டாம் முஸல்லம். சுத்தியே போவோம். அந்த இடம் ஆளில்லாம இருக்கட்டும்," என்றான்.