கடைசி வரியில் ஒரு பெயர்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம். மயிலாடுதுறையில் நான் வாக்கிங் போகும் பார்க்கில் ஒரே சத்தம். ரிட்டையர்டு ஆன எஸ்தர் டீச்சர் ஒரு ஆளை மடக்கி நிறுத்தியிருந்தார்.

"அது பாட்டுக்கு நிக்குது. உங்களை என்ன பண்ணுச்சு?"

"பார்க்கையே புதுசு பண்றோம்மா. புதுக் கல்லு செதுக்கி வந்தாச்சு. பழசு எதுக்கு? பூஜை முடிஞ்சதும் பேத்துருவோம்."

பேசியவர் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். விவகாரம், வாசலில் நிற்கும் திறப்பு விழாக் கல்வெட்டு. இடுப்புயரக் கருங்கல். தலைமை, முன்னிலை, வரவேற்பு என்று வரிசையாகப் பெயர்கள். யார் படிக்கிறார்கள் இதையெல்லாம்? வாக்கிங் வருகிறவர்கள் அதன் பீடத்தில் காலைத் தூக்கி வைத்துத்தான் ஷூ லேஸ் கட்டுவார்கள்.

கடைசி வரியில் இருப்பது டீச்சரின் கணவர் பெயர். அப்போது அவர் வார்டு கவுன்சிலர். கருவேலம் மண்டிக் கிடந்த இடத்தைப் பார்க் ஆக்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர். காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. டீச்சர் தினமும் வந்து, கல்லுக்கு எதிர் பெஞ்சில் உட்காருவார்.

"தரங்கம்பாடியில சாருக்குக் கல்லறை இருக்கே டீச்சர்... அதுல பேர் இருக்குமே?" என்று சமாதானமாகக் கேட்டேன்.

"அது செத்துப்போனவர் பேரு தம்பி. இது பார்க் கொண்டாந்தவர் பேரு. அங்க போனா அழுகை வருது. இங்க வந்தா, 'ஏன் லேட்டு'ன்னு கேக்குற மாதிரி இருக்கு."

'ஏன் லேட்டு' என்று கேட்க ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, டிவியோடு சண்டை போடுகிறவர்களுக்குத்தான் அது தெரியும். எனக்குத் தெரியும்.

சூப்பர்வைசர் கொஞ்சம் இளகினார். "வேணும்னா கல்லை உங்க வீட்டுல இறக்கிடுறோம்மா."

"வீட்டுல வச்சா யாரு படிப்பா? நான் ஒருத்திதான்."

'பேர் சொல்லப் பிள்ளை' என்போம். பிள்ளை இல்லாத வீட்டுக்கு அந்த வேலையைக் கல் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அதற்கும் சீட்டுக் கிழிந்துவிட்டது!

மறுநாள் ஆயுத பூஜை. நம் ஊரில் அன்றைக்குப் பொட்டு விழாத பொருள் உண்டா? பார்க் வாட்ச்மேன் மண்வெட்டி, மோட்டார், ஊஞ்சல், கேட் என்று சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். வந்த கை கல்வெட்டையும் விடவில்லை. பளிச்சென்று மூன்று பொட்டு, ஒரு செவ்வந்தி மாலை.

"எங்க சர்ச்சு ஐயரு பாத்தா என்னைய வெளியில நிறுத்திருவாரு" என்று டீச்சர் சிரித்தார். ஆனால் துடைக்கவில்லை. "போகப்போற கல்லுதானே... மாலையோட போகட்டும்."

பூஜை முடிந்த மறுநாள் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். கல்லைப் பார்த்தார்கள். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"பொட்டு வச்ச கல்லுண்ணே. நான் தொட மாட்டேன்."

"அடேய், அது கவுன்சிலர் கல்லுடா!" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

"யாரு கல்லோ... எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு. நீங்க வேணா பேத்துக்குங்க."

சூப்பர்வைசர் கடப்பாரையைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். தனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். புதுக் கல்லைக் கொஞ்சம் தள்ளி நட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிடித்து வைத்தால் பிள்ளையார் என்பார்கள். பொட்டு வைத்தாலும் அப்படித்தான் போலிருக்கிறது. இப்போது கல்லுக்குத் தினமும் பூ. வெள்ளிக்கிழமை விளக்கு. பீடத்தில் ஒருவரும் ஷூ வைப்பதில்லை.

டீச்சர் ஜெயித்துவிட்டார்தானே?

விளக்குப் புகை ஏறி ஏறி, கடைசி வரி கறுத்துக்கொண்டே வருகிறது. டீச்சர் கைக்குட்டையை நனைத்துத் துடைக்கிறார். துடைத்த இடத்தில் மறுநாள் யாரோ குங்குமம் வைக்கிறார்கள்.

நேற்று ஒருவர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, பெஞ்சில் இருந்த டீச்சரிடம் பயபக்தியோடு கேட்டார்.

"இது என்ன சாமிம்மா?"

"எங்க வீட்டுக்காரருங்க."

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெயரை மட்டும் கேட்கவில்லை.