இரண்டு மொழியிலும் பொய்

ஒரு நல்ல குழுவை உடைத்தவள் நான். இரண்டு பேரிடம், அவரவர் மொழியிலேயே பொய் சொல்லி உடைத்தேன்.

அப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறையெடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் மூவராகச் சேர்ந்து ஒரு போர் விளையாட்டு ஆடுவோம். குருநகர் அன்ரனி அண்ணை கடலுக்குப் போய்வந்து மத்தியானத்தில் சேர்ந்துகொள்வார். அவருக்குத் தமிழ் மட்டுந்தான். மாத்தறை நுவனுக்குச் சிங்களம் மட்டும். இரண்டும் தெரிந்தவள் நான். ஒருவர் சொல்வதை மற்றவருக்கு நான்தான் சொல்லவேண்டும்.

முதலில் தோல்விமேல் தோல்வி. பிறகு ஒருவருக்காக ஒருவர் காத்துநிற்கப் பழகினோம். நுவன் ‘வலம்’, ‘இடம்’ கற்றுக்கொண்டான். அவன் அடிபட்டால், கேட்காமலே தன் மருந்துப்பெட்டியை எறிந்துவிடுவார் அண்ணை. முகம் பார்த்திராத இருவர்... எவ்வளவு நம்பிக்கை!

அந்த நம்பிக்கை என் வழியாகத்தான் போய்வந்தது. அதுதான் எனக்குத் தலைக்கேறியதோ?

ஒரு போட்டியின் இறுதிச் சுற்று. பாலத்தால் பாய்வது என் திட்டம். முன்னால் வேவு பார்த்த அண்ணை கத்தினார்: “பாலத்தாலை வேண்டாம்! கீழை ஆக்கள் நிக்கினம்!”

கேட்டது. தெளிவாகவே கேட்டது. ஆனாலும் நுவனிடம் சிங்களத்தில், “பாலத்தால் போ” என்றேன். என் திட்டமே வெல்லவேண்டும் என்ற வீம்பு... வேறு காரணம் இல்லை.

தோற்றோம். “அண்ணை ஏன் எச்சரிக்கவில்லை?” என்று நுவன் சீறினான். “அவர் கவனிக்கவில்லை” என்றேன், அவன் மொழியில். அவன் அவரை ஏசத் தொடங்கினான்.

“நான் சொன்னதை உவனுக்குச் சொன்னனியோ?” என்றார் அண்ணை.

“சொன்னனான் அண்ணை. அவன் கேக்கேல்லை.”

“தமிழன் சொன்னால் அவங்கள் கேப்பாங்களோ, தங்கச்சி?” என்றவர், அன்றோடு வருவதை நிறுத்திவிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? நான் சொல்லவில்லை.

பின்னர் ஒரு நேர்முகத்தேர்வில், பல இனத்தவரோடு சேர்ந்து வேலைசெய்த அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். இந்த விளையாட்டைத்தான் சொன்னேன். வேலை கிடைத்தது!

போன மாதம் நுவன் தமிழில் ஒரு செய்தி அனுப்பினான். இப்போது தமிழ் படிக்கிறானாம். அண்ணைக்கு அனுப்புமுன் பிழை பார்த்துத் தரச் சொன்னான்.

“அண்ணா, அன்று நடந்ததற்கு என்னை மண்ணிக்கவும்.”

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் ஏது?

எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி அனுப்பினேன்.

அடுத்த நாள் அண்ணை அழைத்தார். “உவன் நல்ல பெடியன், தங்கச்சி. நீ எங்களுக்கு நடுவிலை இருந்ததாலைதான் இதெல்லாம்.”

“ஓம் அண்ணை” என்றேன்.