கொடுக்கு எங்கே?

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையோரம் பழக்கடை வைத்திருந்த முப்பிடாதியம்மாள் யாரையும் லேசில் நம்பமாட்டாள். தென்காசிச் சந்தையில் சொந்தச் சித்தி மகனிடம் மீன் வாங்கினாலும் செவுளைத் தூக்கி முகர்ந்து பார்த்த பிறகுதான் கூடையில் போடுவாள். பஸ்ஸில் கண்டக்டர் ஊர்ப்பெயரைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்வாள். அவள் புருஷன் அய்யாக்குட்டி அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். அதிகம் பேசமாட்டான். அதனால் அவன்மேலும் அவளுக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

ஐம்பத்தெட்டாம் வருஷம், சாரல் சமயம். ஒருநாள் மத்தியானம் அய்யாக்குட்டி முகமெல்லாம் வீங்கி, கண் தெரியாமல் தட்டுத்தடுமாறி வீட்டுக்கு வந்தான். ஓடைக்கரை மருத மரத்தடியில் துண்டைப் பிழியும்போது ஏதோ பூச்சி கூட்டமாக வந்து கொட்டியதாம்.

"என்னது கொட்டுச்சு?"

"எங்க பாத்தேன்! மூஞ்சியப் பொத்திக்கிட்டு ஓடியாந்தேன்."

முப்பிடாதிக்குப் பக்கத்துத் தோட்டத்தின்மேல் சந்தேகம் விழுந்தது. தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பீர் மைதீன், அந்த வருஷம்தான் தோட்டத்தில் தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். காட்டுப் பூச்சியைப் பெட்டியில் குடிவைக்கிற மனுஷனை எப்படி நம்புவது?

சாயங்காலம் அவர் கடையிலிருந்து திரும்பியதும் வேலியருகே போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒம்ம பூச்சி எம் புருசன் கண்ணக் கெடுத்துட்டு. பெட்டியெல்லாம் இன்னைக்கே தூக்கும்."

பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்த பீர் மைதீன் நிமிர்ந்தார். "கொட்டுன எடத்துல கொடுக்கு இருந்திச்சா?"

"எங் கண்ணுல படல."

"அப்ப எந் தேனீ இல்ல. தேனீ கொட்டுனா கொடுக்கு ஒடம்புலயே தங்கிரும். குளவிதான் கொட்டிட்டுக் கொடுக்கோட பறக்கும்."

"களவாணிகிட்டயே சாட்சி கேக்கச் சொல்லுதீரா?"

"நானும் ஒண்ணு கேக்கணும்" என்றார் அவர், கீழே செத்துக் குவிந்துகிடந்த தேனீக்களைக் காட்டி. "இதெல்லாம் எப்படிச் சாவுது? நீ பழத்தோல் போடுத சட்டியில என்ன வெசத்தக் கலந்து வைக்க?"

அவள் ஊரையே சந்தேகப்பட்டிருக்கிறாள். அவளை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

மறுநாள் வெயில் முகம் காட்டியது. பீர் மைதீன் கடைக்குப் போகாமல் தோட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார். தன்னைக் கண்காணிக்கத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. தோட்டத்துக்குள் நுழைந்து, பெட்டி வாசலில் ஊர்ந்த ஒரு தேனீயை விரலால் அமுக்கினாள்.

சுருக்கென்றது. தேனீ இழுத்துப் பிய்த்துக்கொண்டு கீழே விழுந்தது. தோலில் முள் நின்றது. அதன் நுனியில் ஒட்டிய சின்னப் பை இன்னும் துடித்தது. நகத்தால் வழித்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அய்யாக்குட்டியை வெளிச்சத்தில் உட்காரவைத்து நெற்றி, காது, கழுத்து எல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு முள்கூட இல்லை.

சாயபு பொய் சொல்லவில்லை. அப்படியானால் கொட்டியது எது?

திரும்பிப்போய்ப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் பெட்டியைப் பார்க்க, அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து ஒன்று வந்தது. தேனீக்கள் பூந்தூள் ஒட்டிய கால்களோடு, ரோமம் மூடிச் சின்னதாக இருந்தன. இது பெரிது, வழுவழுவென்று கறுப்பு, நூலால் இறுக்கிக் கட்டினாற்போல் இடுப்பு, வயிற்றில் ஒரு மஞ்சள் பட்டை. வாசலுக்கு நேரே அந்தரத்தில் நின்று, திரும்பிவந்த தேனீயைக் கவ்வித் தலையைக் கடித்துப் போட்டுவிட்டு உடலைத் தூக்கிக்கொண்டு எழும்பியது.

"கடந்தைக் குளவி!" பீர் மைதீன் துள்ளி எழுந்தார்.

"சத்தம் போடாதீரும். எங்கன போகுதுன்னு பாரும்."

சுமையோடு அது தாழ்வாகப் பறந்தது. பின்னால் வந்தவையும் நிறையத் தேனீக்களைக் கடித்துக் கீழேயே தள்ளிவிட்டு, ஆளுக்கொன்றை மட்டும் தூக்கிக்கொண்டு அதே திசையில் போயின. இருவரும் தொடர்ந்து போனார்கள். ஓடைக்கரை மருத மரத்தின் பொந்துக்குள் ஒவ்வொன்றாக நுழைந்தன.

பொழுது சாய்ந்ததும் பீர் மைதீன் சாக்கைப் போர்த்திக்கொண்டு, எரிகிற தேங்காய்மட்டையைப் பொந்தில் திணித்து, வாயைச் சேற்றால் அடைத்தார். வரும் வழியில் மெதுவாகச் சொன்னார்: "நீதான் வெசம் வச்சியோன்னு நெனச்சேன், தாயி."

"நானா இருந்தாலும் அப்படித்தான நெனப்பேன்" என்றாள் முப்பிடாதி, கோபமே இல்லாமல்.

அய்யாக்குட்டி வீக்கம் வடிந்து, மறுபடி அருவிக்கரைக்குப் போக ஆரம்பித்தான். பீர் மைதீன் ஒரு பாட்டில் தேன் கொடுத்தனுப்பினார். அவள் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். பிறகு புருஷனை நக்கச் சொன்னாள். அப்புறம்தான் தான் தொட்டாள்.

அடுத்த வருஷம் அந்தத் தேன் அவள் கடையிலேயே விற்பனைக்கு வந்தது, பிழியும்போது அவள் கூட நிற்பாள் என்ற நிபந்தனையோடு. "கலப்படம் இல்லையே?" என்று கேட்கிற ஆட்களை அவளுக்கு ரொம்பப் பிடித்தது.