ஹெர் ஈட்டனின் ஓக் தரை

சிவகலா சாவகச்சேரியில் மூன்று வருடம் இரசாயனம் படிப்பித்தவள். சுவிஸுக்கு வந்தபின் வேலை தேடித் தரும் அலுவலகம் ஒன்று அவளுடைய சான்றிதழ்களை மரியாதையாகப் புரட்டிப் பார்த்து, மிகுந்த யோசனைக்குப் பிறகு துடைப்பத்தைக் கையில் கொடுத்தது. அப்படித்தான் அவள் சூக் நகரில், ஏரி தெரியும் மேட்டிலிருந்த ஹெர், அதாவது திருவாளர், ஈட்டனின் வீட்டுக்குப் பதினொரு வருடமாகத் துப்புரவு வேலைக்குப் போய்வந்தாள்.

ஈட்டன் ஓய்வுபெற்ற நிர்வாக ஆலோசகர். மற்றவர்கள் தங்கள் வேலையை எப்படிச் செய்யவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அந்த வீட்டை வாங்கியவர். வரவேற்பறையில் எண்பது வருடப் பழைய ஓக் பலகைத் தரை. அதைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரல் தானாகத் தணியும். மனைவி பிரிந்துபோன செய்தியைச் சொன்னபோதுகூட அப்படித் தணியவில்லை.

போன வருடம் ஏப்ரலில், தரையைத் தானே புதுப்பிப்பது என்று அவர் முடிவெடுத்தார். நான்கு காணொளி பார்த்தாயிற்று. இனி என்ன படிக்க இருக்கிறது? தரை தேய்க்கும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து, முரட்டு அரத்தாளை மாட்டி ஓடவிட்டார். பாதியில் தொலைபேசி அடித்தது. முக்கியமான மனிதர் அல்லவா, எடுத்துப் பேசினார். மெஷினும் நின்ற இடத்திலேயே நின்று தன் பாட்டில் தேய்த்துக்கொண்டிருந்தது. பேசி முடித்துக் குனிந்து பார்த்தால், தரையில் சூப் கோப்பை அளவில் ஒரு பள்ளம். அதைச் சரிசெய்யச் சுற்றிவரத் தேய்த்தார். பள்ளம் கைகழுவும் தொட்டி அளவுக்கு வளர்ந்தது.

வெள்ளிக்கிழமை சிவகலா போனபோது விளக்கு, திரைச்சீலை, ஈட்டனின் புருவம் எல்லாம் மரத்தூள். அவர் பள்ளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளை யன்னலோரம் கூட்டிக்கொண்டுபோய் மூன்று கறுப்புக் கறைகளைக் காட்டினார்.

"நீங்கள் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் விட்டுத் துடைத்திருக்கிறீர்கள். உங்கள் காப்புறுதிக்கு நட்டஈடு கேட்டு எழுதப்போகிறேன்."

தண்ணீர் சொட்டாமல் பிழிந்து பிழிந்தே மணிக்கட்டு வீங்கியவள் சிவகலா. ஆனாலும் அன்றைக்குத் தூளைக் கூட்டி அள்ளிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை சிவகலா மறுபடி வேலைக்கு வந்திருந்தபோது, தரை வேலை செய்யும் கம்பனியிலிருந்து பாலசிங்கம் வந்தார். இருபத்தைந்து வருட அனுபவம் உள்ளவர். ஈட்டன் கதவைத் திறந்து, அவருக்குப் பின்னால் முதலாளி வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. பாலசிங்கம் பள்ளத்தை உள்ளங்கையால் தடவிவிட்டு, "யார் செய்தது?" என்று கேட்டார். ஈட்டனுக்கு அந்த நேரம் பார்த்து ஏரியின் அழகு தெரிந்தது.

பிறகு கறைகளைக் காட்டி, துப்புரவுக்காரியின் கவனக்குறைவு என்றார் ஈட்டன். சிவகலா குசினிக்குப் போய்ச் சாயம் நிறைய விட்டுத் தேத்தண்ணி போட்டாள். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரில் ஒரு துண்டை அதற்குள் போட்டு மேசையில் வைத்தாள். பாலசிங்கம் தரையை அளந்து முடிப்பதற்குள் தேத்தண்ணி மைபோலக் கறுத்துவிட்டது.

"தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் ஓக் மரத்திலும் இருக்கிறது. ஈர இரும்பு பட்டால் இப்படித்தான் கறுக்கும்," என்றாள் ஜேர்மன் மொழியில், வகுப்பறைக் குரலில். தரை தேய்க்கும்போது யன்னலோரத்திலிருந்து ஒதுக்கிவைத்த பூச்சாடியின் மூன்று கால் இரும்புத் தாங்கியைத் தூக்கிவந்து கறைகளின் மேல் வைத்தாள். மூன்று காலும் அச்சொட்டாகப் பொருந்தின. அந்தச் செடிக்கு ஈட்டன்தான் தண்ணீர் ஊற்றுவார். அவளை நம்பி அதைத் தொடவிட்டதே இல்லை.

பாலசிங்கம் தமிழில் மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, உதை எங்கை படிச்சனீங்கள்?"

"படிப்பிச்சனான் அண்ணை."

"அப்ப உந்தக் கறையை என்னத்தாலை எடுக்கிறது?"

"ஒட்சாலிக் அமிலம்."

"ஓம். நான் அந்தப் போத்திலை வெளியிலை நிக்கிற வானுக்கை வைச்சிருக்கிறன். பேர்தான் வாயிலை வராது."

ஈட்டன் மன்னிப்புக் கேட்கவில்லை. "சுவாரசியமாக இருக்கிறது," என்றார். காப்புறுதிக் கடிதம் மட்டும் எழுதப்படாமலே போயிற்று.

பாலசிங்கம் பள்ளம் மறையும்வரை அறை முழுவதையும் குறுக்காகத் தேய்த்து இறக்கினார். கறைகளை வெளுக்கவைத்து, மெல்லிய அரத்தாளால் இழைத்தார். எண்ணெய் பூசும் நாளில் உதவியாள் வரவில்லை. சிவகலா துணியை எடுத்துக்கொண்டு முழங்காலில் இறங்கினாள். மிஞ்சிய எண்ணெய் காய்வதற்குள் துடைத்தெடுக்க வேண்டும். அவள் துடைத்த பக்கத்தில் ஒரு திட்டும் இல்லை. ஓக் தேன் நிறத்தில் விழித்தது.

"எங்களோடை வாறீங்களோ?" என்று பாலசிங்கம் தன் வான் வண்டியில் சாமான் ஏற்றும்போது கேட்டார்.

"முழங்கால்வேலைதானே, பழக்கம். வாறன்."

ஈட்டன் இப்போது விருந்தாளிகளிடம் தரையைத் தானே புதுப்பித்ததாகச் சொல்கிறாராம். அதில் ஒரு உண்மை இருக்கிறது: தொடங்கிவைத்தவர் அவர்தான்.

போன மாதம் லுசேர்ணில் ஒரு பல் வைத்தியரின் வீட்டுத் தரையைச் சிவகலா தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்தாள். எண்ணெய் காயும்வரை யாரும் உள்ளே கால்வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். மாலையில் வைத்தியர் வாசலில் நின்று அவளுக்குத் தொலைபேசி எடுத்து, உள்ளே இருக்கும் தன் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"நாளைக்கு," என்றாள் சிவகலா.

"சரி," என்றார் அவர்.