புரட்டாசிச் சனியன்று போட்ட ஊசி

என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. மலேசியாவில் எங்கள் ஊரான கிளாங் கிளினிக்கில், நோன்பு மாதத்தில் இன்சுலினை எப்படிக் குறைப்பது என்று மலாய்க்காரர்களுக்குச் சொல்லித்தருவார்கள். நீங்கள் விரதம் இருப்பீர்களா என்று எங்களை யாரும் கேட்டதில்லை. கூச்சத்தில் நானும் சொன்னதில்லை.

புரட்டாசிச் சனிக்கிழமை அவர் மாலைவரை சாப்பிடமாட்டார். அன்று காலை வழக்கம்போல் ஊசியை எடுத்தேன்.

“இன்னிக்கு வேணாம்லா,” என்றார்.

“ஒரு நாளும் விடக்கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்க, கைய நீட்டுங்க,” என்று நான்தான் போட்டேன்.

மத்தியானம் படுத்திருந்தவரை எழுப்பினேன். எழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவுமில்லை.

“சாப்பிடாம இந்த ஊசி போட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். விரதம்னு ஏன் ஆன்டி முன்னாடியே சொல்லல?” என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

‘யாரும் கேக்கலையே’ என்று சொல்ல நினைத்தேன். அப்போதும் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் விரதம் இருப்பீர்களா என்று என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது ஒருவராவது கேட்டிருக்கலாம்.