அப்பாவின் தொண்டைக்கு மஞ்சள் பால்

பால் டம்ளரைக் கையில் வாங்கும்போதே அப்பா கேட்பார்: "ஆட எடுத்தாச்சா?" பாலாடை நாக்கில் பட்டால் அவருக்குக் குமட்டும். முப்பது வருடமாகக் கணக்கு வாத்தியார். அந்தக் கேள்வி முன்னறையில் கிளம்பினால் அடுக்களையைக் கடந்து பின்வாசலில் துணி காயப்போடும் அம்மாவுக்கும் கேட்கும், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தொண்டைதான் பாளையங்கோட்டையில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் பாஸ் பாடும். மற்ற குரல்களெல்லாம் மேலே போக, அடியில் நின்று தாங்குகிற குரல்.

போன ஐப்பசி மழையில் அது கட்டிக்கொண்டது. மழைக்கு யாருக்குத்தான் தொண்டை கட்டவில்லை என்று விட்டுவிட்டோம். கார்த்திகை வந்தது. தாமிரபரணியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்து, பிறகு தெளியவும் செய்தது. அப்பாவின் குரல் தெளியவில்லை. மர அறுவை மாதிரி கரகரத்தது, நாள் போகப்போக வெறும் காற்றானது.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. உயிர்த்தொழில்நுட்பம் படித்துவிட்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மடிக்கணினியை மூடிய மறுநிமிடம் கை எதையாவது தேடும். சோப்பு செய்தேன். மொட்டைமாடியில் காளான் வளர்த்தேன். இரண்டும் எப்படி முடிந்தன என்று அம்மாவிடம் கேட்டால் சாயங்காலம் வரைக்கும் சொல்வாள். அப்பாவின் தொண்டை என்றதும் மஞ்சள் பாலில் குதித்தேன். கிடைத்த கட்டுரையையெல்லாம் படித்தேன். மஞ்சள் மட்டும் போட்டால் உடம்பில் சேராது, மிளகு வேண்டும், பாலில் கொழுப்பு வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் விளக்கினேன்.

"போன மாசம் காளான். இந்த மாசம் உங்கப்பாவா?" என்றாள் அம்மா.

முதல் நாளே சொதப்பினேன். சீனி எதற்கு, உடன்குடிக் கருப்பட்டி இருக்கும்போது என்று, பால் பொங்கி வருகிற சமயத்தில் ஒரு துண்டைத் தட்டிப் போட்டேன். கண் எதிரிலேயே திரிந்துபோனது. அடியில் கலங்கல் தண்ணீர், மேலே மஞ்சள் கட்டிகள்.

"ஏட்டி, கொதிக்க பால்ல கருப்பட்டியப் போட்டா திரியாம என்ன செய்யும்? அஞ்சு வருசம் காலேஜுல இதச் சொல்லித் தரலியா?"

அப்பா எட்டிப் பார்த்தார். "இருக்கட்டும் பிள்ள. ஸ்பூன் எடு, குடிக்கதுக்குப் பதிலா திங்கேன்" என்று காற்றுக் குரலில் சொன்னவர், நின்றபடியே அத்தனையையும் வழித்துத் தின்றார்.

மறுநாளிலிருந்து திருந்தினேன். விரலி மஞ்சள் வாங்கி நானே இடித்தேன். மிளகை ஒன்றிரண்டாகத் தட்டி, சுக்கைக் கொஞ்சம் நசுக்கி, பாலோடு சேர்த்துச் சின்னத் தீயில் விட்டேன். மஞ்சளின் பச்சை வாசனை போனபிறகுதான் இறக்குவது. இறக்கியபின் பனங்கற்கண்டு, கடைசியில் ஒரு சொட்டு நெய். அடுப்பு மேடை, வடிகட்டி, என் நகம், அம்மாவின் கைப்பிடித் துணி எல்லாம் மஞ்சளாயின. அப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம் கழுவி உட்காரும்போது டம்ளர் தயாராக இருக்கும். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன்.

"கேக்குதாப்பா?"

மருந்து கேட்கிறதா என்றுதானே நாம் கேட்போம், ஏதோ அது சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி.

"கேக்குது, கேக்குது. முந்திக்கு இப்ப தேவல."

நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் மிளகைக் கூட்டினேன், சுக்கைக் குறைத்தேன், திப்பிலி சேர்த்தேன். டாக்டரிடம் ஒரு எட்டு போய்விட்டு வருவோம் என்று அம்மா சொன்னபோதெல்லாம் அப்பா, "பிள்ள குடுக்க பால்லயே கேக்குதே, பெறகு டாக்டர் எதுக்கு? கிறிஸ்மஸ் கழியட்டும்" என்பார். அதைக் கேட்டு முதல் வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெருமை.

அப்புறம் ஒரு ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களில் பாடகர் குழு ஒவ்வொரு வாரமும் விசேஷமாக ஒரு பாட்டு பாடும். பாஸ் வரிசையில் மூன்று பேர், அப்பா நடுவில். சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு அத்தனை குரல்களுக்குள்ளும் அப்பாவின் குரலைத் தேடிப் பிடிப்பேன். ஒரு வரி போதும், அகப்பட்டுவிடும். அன்றும் தேடினேன். முதல் அடியில் இல்லை. சரணத்திலும் இல்லை. கண்ணைத் திறந்தேன். அப்பாவின் வாய் சரியாகத் திறந்தது, சரியாக மூடியது. மூச்சு எடுக்கிற இடத்தில் தோள் ஏறியது. பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைக்கூடச் சரியான இடத்தில் திருப்பினார். இரண்டு பக்கமும் நின்றவர்களின் குரல்தான் வந்துகொண்டிருந்தது. அவர் பாடவே இல்லை.

திரும்பும்போது நான்தான் ஸ்கூட்டர் ஓட்டினேன். பின்னால் இருந்து என் காதருகே குனிந்து கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா."

"எல்லாம் ஒம் பாலுதான்."

முன்னால் எந்த வண்டியும் இல்லை. ஆனாலும் ஹாரன் அடித்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் மஞ்சள் படிந்த பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "எனக்குத் தெரியாதா? ஒரு மாசமா அங்க வெறும் வாய்தான் அசையுது. நீ ஓடி ஓடிப் பால் கலக்குத. அது கேக்கலன்னு ஒங்கிட்ட சொல்ல அவியளுக்கு மனசில்ல. டாக்டர்ட்ட போகவும் மனசில்ல. நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?"

அன்று சாயங்காலம் நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அப்பா வெறும் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு டாக்டர்ட்ட வந்தியன்னாதான் பாலு" என்றேன்.

"என்ன பிள்ள, ஸ்டிரைக்கா?" சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அது அடங்கியதும், "அவங்க எதையாவது சொல்லிப்புட்டா என்ன செய்ய?" என்றார். கரும்பலகை அதிரப் பேசுகிற மனுஷர் இதைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

போனோம். காது மூக்கு தொண்டை டாக்டரம்மா மூக்கு வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டார். திரையில் அப்பாவின் தொண்டை ஈரமாக, சிவப்பாகத் தெரிந்தது. நடுவே வெள்ளையாக இரண்டு குரல் நாண்கள். இந்தச் சின்னப் பட்டைகளிலிருந்தா அந்தச் சத்தம் வந்தது என்று ஒரு கணம் ஆச்சரியப்பட்டேன். ஒன்றின் ஓரத்தில் சொரசொரப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. டாக்டர் அதைப் பேனாவால் காட்டினார். "இதிலருந்து கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். ரிசல்ட் வந்தாதான் எதையும் சொல்ல முடியும். எடுத்தபிறகு கொஞ்ச நாள் பேசக் கூடாது சார். ரகசியம்கூடப் பேசக் கூடாது."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். என் வாய் சும்மா இருக்குமா? "டாக்டர், நான் தினமும் மஞ்சள் பால் குடுக்கேன். மிளகு, சுக்கு, பனங்கற்கண்டெல்லாம் போட்டு. தொடர்ந்து குடுக்கலாமா?"

அவர் எழுதிக்கொண்டே, நல்ல மனதோடுதான் சொன்னார்: "தாராளமா குடுங்கம்மா. ஒண்ணும் செய்யாது."

கெடுதல் இல்லை என்றுதான் அவர் சொன்னார். எனக்கு இன்னொன்றும் கேட்டது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார், கணக்கு முழுவதையும் சரியாகப் போட்டுக் கடைசி வரியில் தப்பிய பிள்ளையைப் பார்ப்பதுபோல.

எடுத்து அனுப்பிவிட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வீட்டில் இப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் அப்பா மேசையை விரலால் தட்டுகிறார். கட்டுரைகள் படிப்பதை விட்டுவிட்டேன். படித்தால் எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் போய் முடிகிறது. சாயங்காலமானால் கை தானாக மிளகு டப்பாவைத் தேடுகிறது. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றும் காய்ச்சினேன். எதையோ நினைத்துக்கொண்டு வடிகட்ட மறந்துவிட்டேன். டம்ளரைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பினால், முன்னறையிலிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அப்பா பாலாடையைச் சுட்டுவிரலில் தூக்கி, வகுப்பில் மாட்டிக்கொண்ட துண்டுச் சீட்டை உயர்த்திக் காட்டுவதுபோல, நான் வருவதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். மஞ்சளாக, சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

"மறந்துட்டேன்பா" என்று அதை என் விரலில் வாங்கிக்கொண்டேன்.

குடித்தார். வழக்கம்போல எதிரில் நின்றேன். கேட்க வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அப்பா காலி டம்ளரை வைத்துவிட்டு, நான் கேட்காமலே, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.